செயற்கைக்கோள் தொடர்பு: ஒலிப்பதிவிலும் லாக்கிலும் கோளாறு வந்தால்

தாழ்வான சுற்றுப்பாதையில் செல்லும் செயற்கைக்கோள் ஒன்று நம் தலைக்கு மேலான வானத்தைக் கடக்கப் பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். எஸ்ஓ-50 போன்ற எஃப்எம் கோளில் ஹாம்கள் (அமெச்சூர் வானொலிக்காரர்கள்) அந்த அவகாசத்துக்குள் பலரோடு பேசிவிடலாம். அழைப்புக்குறி, கிரிட் (இருப்பிடக் கட்டத்தின் குறியீடு), ஒப்புதல் என்று ஒவ்வொரு தொடர்பும் சில நொடிகளில் முடிந்துவிடும். ஒரு கையில் ஆன்டெனா, மறு கையில் மைக். பேனாவுக்குக் கை மிச்சமில்லை. அதனால்தான் ஹாம்கள் பாஸ் (கோள் ஒரு முறை வானத்தைக் கடப்பது) முழுவதையும் ஒலிப்பதிவு செய்துவிட்டு, பிறகு உட்கார்ந்து கேட்டு லாக் (தொடர்புகளின் பதிவேடு) எழுதுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பதிவு கெட்டுப்போனது அன்றே தெரிந்துவிடும். லாக் கெட்டுப்போனதோ, தொடர்பு நடந்ததற்கு எதிராளியிடமிருந்து வரவேண்டிய உறுதிப்பாடு பல வாரங்களாகியும் வராதபோதுதான் தெரியும்.

கோளாறுகளை அறிகுறிவாரியாகக் கீழே பிரித்திருக்கிறேன். உங்களுக்குத் தேவையான பகுதிக்கு நேராகப் போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அறிகுறிகள் சேர்ந்து தெரிந்தால் மட்டும் வரிசையைக் கலைக்காதீர்கள்: முதலில் ஒலி, அடுத்து நேரம், பிறகு அழைப்புக்குறியும் கிரிடும், கடைசியில் கோப்பு. நேரம் தவறாக இருக்கும்போது கோப்பைத் திருத்திக்கொண்டிருப்பது வெட்டி வேலை.

அதற்கு முன் ஒரே ஒரு பழக்கம். பதிவைத் தொடங்கியவுடன் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை நொடி வரை வாயால் சொல்லுங்கள். கூடவே தேதி, செயற்கைக்கோளின் பெயர், உங்கள் கிரிட், பயன்படுத்தும் அழைப்புக்குறி. பதிவை நிறுத்துவதற்கு முன் நேரத்தை இன்னொரு முறை சொல்லுங்கள். கோப்பின் பெயர் மாறலாம், கருவியின் கடிகாரம் பொய் சொல்லலாம், நகலெடுக்கும்போது தேதி அழிந்துபோகலாம். ஒலிக்குள் இருக்கும் நேரம் அப்படியே இருக்கும். கீழே உள்ள கோளாறுகளில் ஏறத்தாழ பாதி, இந்த இரண்டு அறிவிப்புகளும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லாவிட்டால் ஒரு மாலைப் பொழுதைத் தின்றுவிடும்.

பதிவு ஓடியிருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை

கைப்பேசியில் பதிவு செய்பவர்களுக்கு இது அடிக்கடி நேரும். கேபிளைச் செருகியிருக்கிறீர்கள்; கைப்பேசியோ அதை வெளி மைக்காக ஏற்கவில்லை; தன் உள் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. பதிவு ஓடும்போது கைப்பேசியின் உடலில் விரலால் தட்டுங்கள். தட்டுச் சத்தம் பலமாகப் பதிவானால் கேபிள் வழியாக எதுவும் போகவில்லை. கைப்பேசியின் செருகியில் நான்கு தொடர்பு வளையங்கள் இருக்கும். வானொலியிலிருந்து வரும் கேபிளில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். தவிர, மைக் இணைப்பில் குறிப்பிட்ட அளவு மின்தடை தெரிந்தால்தான் கைப்பேசி அதை மைக் என்று நம்பும். வானொலியையும் கைப்பேசியையும் இணைப்பதற்கென்றே மின்தடைகள் வைத்துச் செய்த கேபிள் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். வெறும் மாற்றுச் செருகி போதாது.

தனி ரெக்கார்டரில் இதே அறிகுறி தெரிந்தால் முதலில் பார்க்கவேண்டியது, குரல் வந்தால் மட்டும் பதிவு செய்யும் வசதி இயங்குகிறதா என்பது. அது செயற்கைக்கோள் வேலைக்கு ஆகாது. குரலின் முதல் அசையை விழுங்கிவிடும். அதைவிட மோசம், மௌனங்களை வெட்டி எறிவதால் பதிவின் நீளத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போகும். நிரந்தரமாக அணைத்துவிடுங்கள்.

ஸ்டீரியோ பதிவில் ஒரு பக்கம் மட்டும் ஒலி இருந்தால் கவலை வேண்டாம். மோனோ செருகியை ஸ்டீரியோ துளையில் போட்டதன் விளைவு அது. ஒலியுள்ள பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடரலாம்.

கேபிள் சரி, கருவி சரி, பதிவிலும் இரைச்சல் நன்றாகக் கேட்கிறது, ஆனால் குரல் எதுவும் இல்லை என்றால் பதிவின் மேல் பழி போடாதீர்கள். எஸ்ஓ-50 தானாக இயங்காது: 74.4 ஹெர்ட்ஸ் தொனியை யாராவது சில நொடி அனுப்பினால்தான் அதன் பத்து நிமிட டைமர் ஓடத் தொடங்கும். அதன் பின் 67 ஹெர்ட்ஸ் தொனியோடு பேசவேண்டும். யாரும் எழுப்பாத பாஸ் முழு மௌனமாகவே போய்விடும்.

குரல் கிழிந்து கேட்கிறது

ஹெட்போன் துளையிலிருந்து வரும் ஒலி, மைக் துளை எதிர்பார்ப்பதைவிடப் பல மடங்கு வலியது. ஆடாசிட்டி போன்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் கத்தரித்தாற்போல் தட்டையாக இருந்தால், பதிவாகும்போதே ஒலி உச்சத்தைத் தாண்டிவிட்டது. கேட்கும்போது ஒலியைக் குறைத்துப் பயனில்லை, இழந்தது இழந்ததுதான். அடுத்த முறைக்கு வழி இருக்கிறது. ஸ்குவெல்ச்சை (சிக்னல் இல்லாதபோது ஒலியை அடைக்கும் வசதி) முழுவதும் திறந்துவிட்டு, சிக்னல் இல்லாத வெற்று எஃப்எம் இரைச்சலை வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் அந்த இரைச்சல் குரலைவிடப் பலமாக இருக்கும். அது உச்சத்துக்கு 6 டெசிபல் கீழே நின்றால் குரல் பாதுகாப்பாக இருக்கும். அளவை அமைத்தபின் வானொலியின் வால்யூமைத் தொடக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் பாஸின் பரபரப்பில் எல்லோருமே தொடுகிறார்கள். அதனால் வால்யூமால் பாதிக்கப்படாத நிலையான ஒலி வெளியீடு உங்கள் கருவியில் இருந்தால் அதிலிருந்து எடுப்பதே நல்லது.

கிழியவில்லை, ஆனால் குரல் அலை அலையாக எழுந்து தாழ்கிறதா? அது கைப்பேசியின் தானியங்கி ஒலிக்கட்டுப்பாடு. இன்னொன்று இரைச்சல் நீக்கம். தொலைபேசி உரையாடலுக்காகச் செய்யப்பட்ட அந்த வசதி, சீராக ஒலிக்கும் எதையும் இரைச்சல் என்று எண்ணி அழிக்கும். மோர்ஸ் தொனி அதற்கு முதல் பலி. ஆர்எஸ்-44 கோளில் சிடபிள்யூ (மோர்ஸ்) தொடர்பைப் பதிவு செய்து, வீட்டில் வந்து கேட்டால் வெறும் மூச்சுக்காற்றுபோல் இருக்கும். பதிவுச் செயலியின் அமைப்புகளில் ஒலியைப் பதப்படுத்தாமல் அப்படியே எடுக்கும் தெரிவு இருக்கும். அது இல்லாத செயலியை மாற்றிவிடுங்கள்.

நாம் பேசும்போது மட்டும் பதிவு கெடுகிறது

இரண்டு வேறு நோய்களுக்கு இது ஒரே அறிகுறி. பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: அந்த நேரத்தில் உங்கள் காதில் டவுன்லிங்க் (கோளிலிருந்து வரும் சிக்னல்) சரியாகக் கேட்டதா?

காதில் சரியாகக் கேட்டு, பதிவில் மட்டும் உறுமல் வந்தால், உங்கள் அனுப்பியின் அலை ரெக்கார்டரின் கேபிளுக்குள் புகுந்திருக்கிறது. கேபிளைச் சுருக்குங்கள், இரு முனைகளிலும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள், ரெக்கார்டரை ஆன்டெனாவிலிருந்து தள்ளி வையுங்கள்.

காதிலும் டவுன்லிங்க் அடங்கிப்போயிருந்தால் ரெக்கார்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2 மீட்டர் பேண்டில் அனுப்பி 70 சென்டிமீட்டர் பேண்டில் கேட்கும்போது, அனுப்பும் அலைவரிசையின் மூன்றாவது மடங்கு கேட்கும் இடத்துக்கு மிக அருகில் போய் விழுகிறது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்லிங்க் (நாம் கோளுக்கு அனுப்புவது) 145.990 மெகாஹெர்ட்ஸ், அதன் மும்மடங்கு 437.970. நாம் கேட்பதோ 437.800. உங்கள் சொந்த அனுப்பியே உங்கள் ஏற்பியின் காதை அடைத்துவிடுகிறது. டிப்ளெக்சரோ (இரு பேண்டுகளைப் பிரிக்கும் கருவி) வடிகட்டியோ போடுங்கள், அனுப்பும் ஆன்டெனாவையும் கேட்கும் ஆன்டெனாவையும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் அமையுங்கள், திறனைக் குறையுங்கள். கடைசியாகச் சொன்னதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் பெரும்பாலான எஃப்எம் கோள்களுக்கு 5 வாட் தாராளம்.

இது லாக்கையும் பாதிக்கும். உங்கள் குரல் கோளிலிருந்து திரும்பி வருவதை நீங்கள் கேட்காவிட்டால், பதிவில் எதிராளியின் பாதி மட்டுமே இருக்கும். ஒரே வானொலியில் மாறி மாறி அனுப்பிக் கேட்பவர்களுக்கு இது எப்போதுமே இப்படித்தான். அவர்கள் கேபிள் வழிப் பதிவோடு, அருகில் ஒரு கைப்பேசியைத் திறந்த மைக்கோடு ஓடவிட்டால் தங்கள் குரலும் பதிவாகும். அழகான பதிவாக இருக்காது. லாக் எழுதப் போதும்.

கோப்பு திறக்கவில்லை, அல்லது பாதியில் நின்றுவிட்டது

வேவ் கோப்பின் தலைப்பகுதியில் கோப்பின் நீளம் எழுதப்பட்டிருக்கும். பல கருவிகள் அதைப் பதிவு முடியும்போதுதான் நிரப்பும். நடுவில் பேட்டரி தீர்ந்தால் நீளம் சுழியமாகவே நின்றுவிடும். ஒலி உள்ளேதான் இருக்கிறது. ஆடாசிட்டியில் மூலத் தரவாக இறக்கும் வழியில் திறந்து, 16 பிட், மோனோவா ஸ்டீரியோவா, மாதிரி வேகம் 44,100 அல்லது 48,000 என்று சொல்லிக்கொடுங்கள். குரல் கீச்சென்றோ இழுவையாகவோ கேட்டால் மாதிரி வேகம் தவறு, மாற்றிப் பாருங்கள். தொடக்கத்தில் ஒரு சிறு சொடுக்கு கேட்கும். அது தலைப்பகுதி, வெட்டிவிடலாம்.

எஸ்டிஆர் (மென்பொருள் வழி ஏற்பி) கொண்டு ஐகியூ பதிவு (அலைவரிசைப் பட்டை முழுவதையும் மூல வடிவில் சேமிப்பது) செய்பவர்களின் கணக்கு வேறு. நொடிக்கு 24 லட்சம் மாதிரி, ஐ, கியூ இரண்டும் தலா 16 பிட் என்றால் ஒவ்வொரு நொடிக்கும் 9.6 மெகாபைட். எஃப்ஏடி32 முறையில் வடிவமைத்த அட்டையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. சாதாரண வேவ் கோப்புக்கும் ஏறக்குறைய அதே எல்லைதான். ஏழரை நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். பாஸின் பின்பாதி காணாமல் போவதன் காரணம் இதுதான். ஆர்எஸ்-44 கோளின் டிரான்ஸ்பாண்டர் (ஒரு பட்டையை வாங்கி வேறு பட்டையில் திருப்பி அனுப்பும் கருவி) அகலமே 60 கிலோஹெர்ட்ஸ். டாப்ளர் நகர்வுக்கு (கோளின் வேகத்தால் அலைவரிசை மாறுவது) இருபுறமும் 10 கிலோஹெர்ட்ஸ் விட்டாலும் 250 கிலோஹெர்ட்ஸ் அகலம் ஏராளம். நொடிக்கு 1 மெகாபைட். பத்து நிமிடத்துக்கு 600 மெகாபைட்.

ஐகியூ பதிவில் ஒலி விக்கி விக்கி வந்தால் மாதிரிகள் தொலைந்திருக்கின்றன. வேறு யுஎஸ்பி துளை, வேகமான வட்டு, மூடப்பட்ட உலாவி. அவ்வளவுதான்.

லாக்கில் உள்ள நேரம் பொருந்தவில்லை

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒலிக் கோளாறுகள் ஒரு பாஸைக் கெடுக்கும். நேரக் கோளாறு அந்த மாதத்தின் லாக் முழுவதையும் கெடுக்கும்.

முதலில் பிழை இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். ஜிப்ரெடிக்ட் போன்ற மென்பொருளில், அந்த நாளுக்கு நெருக்கமான சுற்றுப்பாதைத் தரவைப் போட்டு, நீங்கள் லாக்கில் எழுதிய நேரத்தில் கோள் அடிவானத்துக்கு மேலே இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் பிழை உங்களுடையதுதான். கோள் தாமதமாக வருவதில்லை. பழைய சுற்றுப்பாதைத் தரவை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். விண்வெளி நிலையம் அவ்வப்போது சுற்றுப்பாதையை உயர்த்திக்கொள்ளும். பழைய தரவு நிமிடக்கணக்கில் தப்பும்.

அடுத்து, பிழை எந்த வடிவத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வடிவமே காரணத்தைச் சொல்லிவிடும்.

எல்லாத் தொடர்புகளும் சரியாக ஒரே அளவு விலகியிருந்து, அந்த அளவு முழு மணியாகவோ அரை மணியோடு சேர்ந்தோ இருந்தால் உள்ளூர் நேரம் யுடிசியாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது திருத்தம் இரண்டு முறை செய்யப்பட்டிருக்கிறது. லாக் மென்பொருளும் தானாக மாற்றி, நீங்களும் கையால் மாற்றினால் இரட்டிப்பாகும். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் விலகல் என்றால் ரெக்கார்டரின் கடிகாரத்தில் முற்பகல் பிற்பகல் மாறிக் கிடக்கிறது.

எல்லாம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருந்தால், கோப்பின் தேதியைத் தொடக்க நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கோப்பு மேலாளர் வழக்கமாகக் காட்டுவது கடைசியாக மாற்றப்பட்ட நேரம். அதாவது பதிவு முடிந்த நேரம். பதிவின் நீளத்தை அதிலிருந்து கழித்தால் தொடக்கம் கிடைக்கும். எஸ்டிஆர் மென்பொருள்கள் சில, தொடக்க நேரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதும்; எண்களின் கடைசியில் இசட் என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது யுடிசி.

பாஸின் முதல் தொடர்புகள் சரியாக இருந்து, ஓரிடத்துக்குப் பின் எல்லாம் ஒரே அளவு முந்திப்போனால் நடுவே பதிவு இடைநிறுத்தப்பட்டிருக்கிறது: விரல் தவறி அழுத்தியதாக இருக்கலாம், உள்ளே வந்த தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். இங்கேதான் கடைசியில் சொன்ன நேர அறிவிப்பு கைகொடுக்கும். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடையிலான இடைவெளி பதிவின் நீளத்தோடு ஒத்துப்போகாவிட்டால், தொலைந்தது எத்தனை நொடி என்று உடனே தெரிந்துவிடும். எங்கே தொலைந்தது என்பதை அலைவடிவத்தில் தேடவேண்டும். சொல்லின் நடுவே வெட்டு விழுந்த இடம் அது. கைப்பேசியை விமான நிலையில் போட்டுவிட்டுப் பதிவைத் தொடங்கினால் இந்தத் தேடல் மிச்சம்.

நேரம் சரி, தேதி மட்டும் ஒரு நாள் பிசகு என்றால் யுடிசி நள்ளிரவுதான் காரணம். ஒரே பாஸ் நள்ளிரவைத் தாண்டினால் பாதித் தொடர்புகள் ஒரு தேதியிலும் மீதி மறு தேதியிலும் விழும். லாக் மென்பொருளில் தேதியை நிலையாகப் பூட்டிவைக்கும் வசதி இருந்தால், அந்த ஒரு பாஸுக்காவது திறந்துவிடுங்கள்.

விலகல் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறதா? ரெக்கார்டரின் கடிகாரம் ஓடும் வேகமே தவறு. அதை நம்பாதீர்கள், அறிவிப்பை நம்புங்கள்.

அறிவிப்பே இல்லாத பழைய பதிவு என்ன ஆவது? எஃப்எம் ஒலிப்பதிவில் இரைச்சல் அடங்கிக் கோள் கேட்கத் தொடங்கும் இடமும், மறுபடி இரைச்சல் எழும் இடமும் பாஸின் இரு முனைகளைத் தோராயமாகக் காட்டும். மரமும் கட்டடமும் மறைப்பதால் ஓரிரு நிமிடப் பிழை இருக்கும். ஐகியூ பதிவு இருந்தால் இதைவிடத் துல்லியமாகச் செய்யலாம். டாப்ளர் திருத்தம் செய்யாத ஐகியூ பதிவை நீர்வீழ்ச்சிப் படமாக (நேரத்தோடு அலைவரிசையைக் காட்டும் படம்) விரித்து, கோளின் பீக்கனை (அது அனுப்பும் அடையாள சிக்னல்) தேடுங்கள்; ஆர்எஸ்-44 கோளுக்கு அது 435.605 மெகாஹெர்ட்ஸ். கோள் நெருங்கும்போது உயர்ந்தும் விலகும்போது தாழ்ந்தும் அது ஒரு வளைகோடாகத் தெரியும். அந்த வளைகோடு மிகச் செங்குத்தாக இறங்கும் கணமே கோள் நமக்கு மிக அருகில் இருந்த கணம். அதே கணத்துக்கு மென்பொருள் கணிக்கும் யுடிசி நேரத்தைக் குறித்துக்கொண்டால், பதிவின் கடிகாரம் எவ்வளவு பிசகியது என்று தெரிந்துவிடும். உயரமாகச் சென்ற பாஸ் என்றால் சில நொடிகளுக்குள் கிடைக்கும். அடிவானத்தை ஒட்டிப்போன பாஸில் வளைவு மழுங்கியிருக்கும். உங்கள் குரலின் கோட்டை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்: அதில் அப்லிங்கின் டாப்ளரும் கலந்திருக்கும், போதாக்குறைக்கு நீங்கள் டயலை வேறு திருப்பியிருப்பீர்கள்.

அழைப்புக்குறி பாதிதான் கேட்கிறது

வேகத்தைக் கால் பங்கு குறைத்து, சுருதி மாறாமல், ஹெட்போனில் கேளுங்கள். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிட்டால் குரல் தெளியும். அந்த நிலையம் அதே பாஸில் வேறு யாரையாவது அழைத்திருக்கும். அந்த இடத்தையும் கேளுங்கள். உச்சரிப்பு எழுத்துகளில் குழப்பம் வந்தால், இரண்டு முறை சொன்னதில் எது இரைச்சல் குறைந்த இடமோ அதை நம்புங்கள்.

கேட்ட அரைகுறை எழுத்துகளை இணையத் தரவுத்தளத்தில் தேடி, பொருந்தும் முதல் பெயரை லாக்கில் போடும் பழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தரவுத்தளம் ஓர் அழைப்புக்குறி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். அவர்தான் பேசினார் என்று சொல்லாது. நேரலையில் நீங்கள் கேட்டதைச் சரிபார்க்கத்தான் பதிவு. எதிராளி உங்கள் அழைப்புக்குறியைத் திரும்பச் சொல்லவில்லை, ஒப்புதல் வரவில்லை என்று பதிவே காட்டினால், அங்கே தொடர்பு நடக்கவில்லை. மறுபடி மறுபடி கேட்பதால் அது நடந்துவிடாது.

கிரிட் மோதுகிறது

பதிவில் ஒரு கிரிட், உறுதிப்பாட்டில் வேறு கிரிட். பெரும்பாலும் அவர் பயணத்தில் இருந்திருப்பார். உங்கள் லாக் மென்பொருள் அவருடைய வீட்டு முகவரியிலிருந்து கிரிடைத் தானாக நிரப்பியிருக்கும். செயற்கைக்கோள் வேலையில் இந்தத் தானியங்கி நிரப்பலை அணைத்துவைப்பதே புத்திசாலித்தனம். ஒரு கிரிட் 2 பாகை நெட்டாங்கும் 1 பாகை அகலாங்கும் கொண்ட கட்டம். அரிய கட்டங்களைத் தேடித் தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் நிறைய. காற்றில் சொன்னதுதான் கணக்கு.

இரண்டு கட்டங்களின் எல்லைக்கோட்டிலோ நான்கு கட்டங்கள் சந்திக்கும் மூலையிலோ நின்று பேசுகிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள். சாதாரண கிரிட் புலத்தில் ஒன்றுதான் கொள்ளும். இதற்கென்று ஏடிஐஎஃப் (லாக்கைப் பரிமாறும் கோப்பு) வடிவில் வியுசிசி-கிரிட்ஸ் என்ற தனிப் புலம் உண்டு. இரண்டையோ நான்கையோ காற்புள்ளியிட்டு அதில் எழுதவேண்டும். நீங்களே வேறு கட்டத்திலிருந்து பேசியிருந்தால், டிகியூஎஸ்எல் என்ற, லாக்கைக் கையொப்பமிட்டு ஏற்றும் மென்பொருளில் அந்த இடத்துக்கென்று தனி நிலைய இருப்பிடம் உருவாக்கி அதன்கீழ் கையொப்பமிடுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: வியுசிசி செயற்கைக்கோள் விருதுக்கு 100 கிரிட் தேவை, அவற்றை நீங்கள் சேர்த்த இடங்கள் ஒன்றுக்கொன்று 200 கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும்.

செயற்கைக்கோள் தொடர்பு, வெறும் 2 மீட்டர் தொடர்பாகத் தெரிகிறது

ஏடிஐஎஃப் கோப்பை எளிய எழுத்துத் தொகுப்பானில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு தொடர்பிலும் இரண்டு புலங்கள் சேர்ந்தே இருக்கவேண்டும்: பரவல் முறையைச் சொல்லும் பிராப்-மோட், அதில் சாட் என்ற மூன்றெழுத்து; கோளின் பெயரைச் சொல்லும் சாட்-நேம். ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் டிகியூஎஸ்எல் ஏற்காது. இரண்டும் இல்லாவிட்டால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். தொடர்பு தரைவழித் தொடர்பாகப் போய்ச் சேரும். இது முன்னதைவிட மோசம், ஏனென்றால் யாரும் உங்களிடம் குறை சொல்வதில்லை. கைப்பேசிச் செயலிகள் சில, தமக்குத் தெரியாத புலங்களை ஏற்றுமதியில் ஓசையின்றி விட்டுவிடும். புதிய செயலிக்கு மாறும்போது ஒரே ஒரு தொடர்பை ஏற்றுமதி செய்து பார்த்துவிட்டு மாறுங்கள்.

பேண்ட் என்பது நீங்கள் அனுப்பியது. பேண்ட்-ஆர்எக்ஸ் என்பது கேட்டது. கியூஓ-100 கோளுக்கு 13 சென்டிமீட்டர் பேண்ட், 3 சென்டிமீட்டர் பேண்ட்-ஆர்எக்ஸ். இவற்றைத் தலைகீழாக எழுதுவது சர்வ சாதாரணம். அலைவரிசையை டாப்ளர் நகர்வோடு கிலோஹெர்ட்ஸ் சுத்தமாக எழுதத் தேவையில்லை; வெளியிடப்பட்ட அலைவரிசை போதும்.

பட்டையைத் தலைகீழாக்கித் திருப்பி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரில் கீழ்ப்பக்கப் பட்டையில் அனுப்பி, மேல்பக்கப் பட்டையில் கேட்போம். லாக்கில் எதை எழுதுவது என்று குழம்பாதீர்கள். எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப் பட்டை) என்று மட்டும் எழுதுங்கள். ஏஓ-7 மட்டும் தனிக் கவனம் கேட்கிறது. 1974 நவம்பரில் ஏவப்பட்டு, 1981இல் மௌனமாகி, 2002இல் மறுபடி பேசத் தொடங்கிய கோள் அது. பேட்டரி செத்துவிட்டதால் வெயில் படும்போது மட்டும் இயங்குகிறது. அதற்கு இரண்டு முறைகள்: 2 மீட்டரில் ஏறி 10 மீட்டரில் இறங்குவது ஒன்று, 70 சென்டிமீட்டரில் ஏறி 2 மீட்டரில் இறங்குவது இன்னொன்று. பழைய லாக் வரியை நகலெடுத்தால் பேண்ட் தவறிவிடும். தொடக்க அறிவிப்பில் முறையையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கோப்பை இறக்கினால் சுழியம் தொடர்புகள், அல்லது பெயர்கள் வெட்டுப்பட்டு வருகின்றன

ஏடிஐஎஃப் கோப்பின் முதல் குறி கோண அடைப்பாக இல்லாவிட்டால், மென்பொருள் அதைத் தலைப்புரை என்று கருதி, தலைப்புரை முடிவுக் குறி வரும் வரை எல்லாவற்றையும் தாண்டிவிடும். கோப்பின் மேலே நீங்கள் ஒரு குறிப்பு எழுதி, முடிவுக் குறியை மறந்திருந்தால் கோப்பு முழுவதும் தலைப்புரைதான்.

வெட்டுப்படுவதற்குக் காரணம் எண். ஒவ்வொரு புலத்தின் பெயருக்கும் பக்கத்தில், அதன் மதிப்பில் எத்தனை எழுத்து என்று ஓர் எண் இருக்கும். விண்வெளி நிலையத்தை ஐஎஸ்எஸ் என்று எழுதியிருந்து, அதை ஏஆர்ஐஎஸ்எஸ் என்று கையால் திருத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ரோமன் எழுத்து ஐந்தாகிவிட்டது. எண்ணை 3 என்றே விட்டால் மென்பொருள் முதல் மூன்றை மட்டும் படிக்கும். அப்படியொரு கோள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெயர்ப் புலத்திலோ குறிப்பிலோ தமிழ் எழுத்து போட்டாலும் இதே தொல்லை வரும். நாம் ஓர் எழுத்தாக எண்ணுவதைக் கணினி பல பைட்டுகளாகச் சேமிக்கிறது; எண்ணிக்கை குலைந்துவிடும். ஏற்றுமதிக் கோப்பில் பெயர்களை ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றியாகிவிட்டது, உறுதிப்பாடு வரவில்லை

லாக்புக் ஆஃப் தி வேர்ல்ட் என்ற உறுதிப்பாட்டு இணையத்தளம் இரு தரப்பு லாக்குகளையும் ஒப்பிடும்போது, தொடக்க நேரங்கள் 30 நிமிடத்துக்குள் இருந்தால் போதும். ஆகவே ஐந்து நிமிடப் பிழை இங்கே காரணமாக இருக்காது. மணிக்கணக்குப் பிழை இருக்கும். அடுத்து கோளின் பெயர். இந்தத் தளம் தன் பட்டியலில் உள்ள பெயரை மட்டுமே ஏற்கும். விண்வெளி நிலையத்துக்கு அங்கே பெயர் ஏஆர்ஐஎஸ்எஸ். ஏஓ-7 என்பதில் 7க்கு முன் சுழியம் கூடாது. புதிய கோள் என்றால் டிகியூஎஸ்எல் மென்பொருளின் அமைப்புத் தரவைப் புதுப்பித்தால்தான் பெயர் தெரியவரும்.

பெயர் சரி, நேரம் சரி என்றால் கோளே மாறிப்போயிருக்கலாம். ஒரே மாலையில் இரண்டு கோள்கள் அடுத்தடுத்துக் கடக்கும். தாழ்ந்த பாதைக் கோள் ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்ப வரும். பதிவில் உள்ள பெயர் அறிவிப்பைக் கேட்டுச் சரிபாருங்கள். அழைப்புக்குறியோடு பயணக் குறியைச் சேர்த்துப் பேசியிருந்தால், அந்த வடிவத்துக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும்; சான்றிதழின் தொடக்கத் தேதிக்கு முந்தைய தொடர்புகளும் ஏறாது.

திருத்தி மறுபடி ஏற்றினால் பழைய தவறான லாக் வரி என்ன ஆகும் என்று பலர் கேட்கிறார்கள். ஏற்றியதை நீங்களாக அங்கிருந்து நீக்க முடியாது. துணை கிடைக்காமல் அது ஒரு மூலையில் கிடக்கும். யாருக்கும் கெடுதி இல்லை. திருத்தியதை மட்டும் கையொப்பமிட்டு அனுப்புங்கள். முழு லாக்கையும் மறுபடி அனுப்பினால் டிகியூஎஸ்எல் ஏற்கெனவே அனுப்பியவற்றைச் சுட்டிக்காட்டும். அவற்றை விலக்கச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வரவில்லை என்றால் எதிராளி இன்னும் ஏற்றவில்லை என்றே கொள்ளுங்கள். சிலர் மாதக் கணக்கில் சேர்த்து ஏற்றுவார்கள், சிலர் ஏற்றுவதே இல்லை. ஒரு மாதம் கழித்து எழுதிக் கேட்கலாம். எழுதும்போது தேதி, யுடிசி நேரம், கோள், இரு கிரிடுகள் ஆகியவற்றோடு அந்தத் தொடர்பின் சில நொடி ஒலித்துண்டையும் இணைத்து அனுப்புங்கள். தன் குரலைக் கேட்டபின் லாக்கைத் தேடிப் பார்க்காத ஹாம் அரிது.